கோயிலில் எதிர்ப்படாத ஆலோசகர்

சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்ட் நிலையத்தில் ரயில் ஏறினால் மேற்கே அடுத்த நிறுத்தம் ஹோம்புஷ். இடியப்ப மாவும் மாசிக் கருவாடும் ஊறுகாயும் அங்கே நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி உண்டு. வீடு வாங்கித்தரத் தமிழ் முகவர், வரிக்கணக்கு எழுதத் தமிழ்க் கணக்காளர், காய்ச்சலுக்குத் தமிழ் மருத்துவர் என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. பரமட்டாவைத் தாண்டினால் வெஸ்ட்மெட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என ரயில் பாதை நெடுகத் தமிழ்க் குடும்பங்கள். 2021 குடிசன மதிப்பீட்டின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி சிட்னியிலும் மெல்பர்னிலும் இருக்கிறது.

இத்தனை தமிழர் நடுவே மனம் உடைந்துபோன ஒருவர், தன் மொழியில் சொல்லி அழ ஓர் ஆளைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அலுவலகக் கூட்டம் நடத்தத் தெரிந்தவருக்கும் அம்மாவின் சாவை ஆங்கிலத்தில் சொல்ல வராது. தமிழ் தெரிந்த உளவியலாளரை விசாரித்தால், அவர் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கையோடு படித்தவராக இருப்பார். இல்லாவிட்டால் பழைய மாணவர் சங்கத்தின் பொருளாளருக்கு மருமகளாக இருப்பார். வெள்ளிக்கிழமை மேஸ் ஹில் முருகன் கோயிலில் அன்னதான வரிசையில் இருவரும் அடுத்தடுத்து நிற்க நேரும். தொழில் ஒழுக்கப்படி அவர் ஒரு வார்த்தையும் வெளியே விடமாட்டார் என்பது உண்மைதான். சொல்ல வந்தவருக்கு அந்த நம்பிக்கை போதாது. வாய் மூடிக்கொள்கிறது.

இணையவழி உளவளத்துணையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் வசதியைத்தான் முதலில் புகழ்வார்கள்: பயணம் மிச்சம், நேரம் மிச்சம், சாய்வு நாற்காலியிலிருந்தே பேசலாம். இந்த ரயில் பாதைத் தமிழருக்கு அதிலுள்ள பெரும்பயன் வேறு என்பது என் வாதம். தமிழ் தெரிந்த, நம்மைத் தெரியாத ஒருவரை அது தருகிறது. உளவியலாளர் பதிவு 2010 முதல் நாடு முழுவதற்கும் ஒன்றே என்பதால், மெல்பர்னிலோ பெர்த்திலோ இருக்கும் ஒரு தமிழ் உளவியலாளர் ஸ்ட்ராத்ஃபீல்ட் அடுக்குமாடியில் இருப்பவருக்குச் சட்டப்படி சிகிச்சை தரலாம். கோயில் வரிசையில் அவர் எதிர்ப்படமாட்டார்.

தொலைவில் இருப்பவரிடம் மனதைத் திறப்பது சிட்னிக்குப் புதிதல்ல. 1963 மார்ச்சில் மெதடிஸ்ட் போதகர் ஆலன் வாக்கர் தொடங்கிய லைஃப்லைன் தொலைபேசிச் சேவை பிறந்த இடமே இந்நகரின் டார்லிங்ஹர்ஸ்ட். அதே வழியில் கொழும்பில் 1974இல் சுமித்ரயோவும், சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் முயற்சியால் சினேகாவும் வந்தன. முகம் காட்டித் தொலைவிலிருந்து சிகிச்சை தருவதிலும் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் காணொளிவழி மனநலச் சிகிச்சையில் இறங்கியது. 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே சிகிச்சை அறையாக்கி ஊர் ஊராக அனுப்பியது. பேருந்துக்குள் திரையில் சென்னையிலிருக்கும் மருத்துவர் தெரிவார். பேசி முடித்ததும் மருந்தும் அங்கேயே கிடைக்கும். தீவிர மனநோய் உள்ளவர்கள், பலர் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள், திரையில் தெரிந்த மருத்துவரிடம் பேசினார்கள். திரை என்றால் நம்மவர்களுக்குச் சரிவராது என்று இன்றும் சொல்கிறவர்கள் அந்தப் பேருந்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவில் இதைப் பரவலாக்கியது கோவிட். தொலைதூரக் கிராமத்தாருக்கு மட்டும் 2017 முதல் இருந்த காணொளி உளவியல் சிகிச்சைக்கான மெடிகேர் உதவித்தொகை, 2020 மார்ச்சில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது, பிறகு நிரந்தரமாயிற்று. அந்தக் காலம் ஸ்ட்ராத்ஃபீல்டுக்குச் சாதாரணமாகக் கழியவில்லை. 2021 ஆகஸ்டில் சிட்னியின் கடும் கட்டுப்பாட்டுக்குள்ளான பன்னிரண்டு நகராட்சிப் பகுதிகளில் ஸ்ட்ராத்ஃபீல்டும் ஒன்று. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஊரடங்கு. வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நாட்டின் எல்லையோ 2020 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. குடியுரிமை உள்ளவர்கூட அனுமதி வாங்காமல் வெளியேற முடியாது. 2021 நவம்பர் 1இல்தான் அது படிப்படியாகத் திறக்கத் தொடங்கியது.

அந்த இருபது மாதங்களுக்குள் பெற்றோரை இழந்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். கொள்ளி வைக்க வேண்டிய மகன் ஹோம்புஷில் குந்தியிருந்து, சுன்னாகத்திலோ திருச்சியிலோ யாரோ தூக்கிப் பிடித்த கைபேசி வழியே தகப்பனின் முகத்தைப் பார்த்தான். நடுவில் படம் உறைந்து நிற்கும். ‘தெரியுதா அண்ணை, தெரியுதா’ என்று ஒரு குரல் கேட்கும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே மேசையில், அதே கணினியில் அலுவலகக் கூட்டம்.

துக்கத்துக்கு இப்போது மருத்துவ நூல்களில் ஒரு காலவரையறை வந்துவிட்டது. ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு ஏற்றது. அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடும் ஏற்றுக்கொண்டது. முன்னது ஆறு மாதம் கேட்கிறது, பின்னது ஓராண்டு. இழப்பு நேர்ந்து அவ்வளவு காலம் கடந்த பின்னும் ஏக்கம் வாழ்க்கையை முடக்கிப்போட்டால் அது சிகிச்சைக்குரியது. அந்தத் துக்கம் அவரவர் பண்பாட்டிலும் சமயத்திலும் வழக்கமானதை மிஞ்சியிருக்க வேண்டும் என்று இரண்டுமே நிபந்தனை போடுகின்றன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிறகு மாசியம், வருஷம் திரும்பியதும் ஆட்டத்திவசம் என்று நாள் குறித்துத் துக்கம் காக்கிறவர்கள் நாம். அந்த ஓராண்டுக்குள் கல்யாண வீட்டுக்குப் போகாத ஒரு பெண்ணைப் பார்த்து, இது எங்கள் வழக்கம், நோயல்ல என்று தெரிந்துகொள்ளும் சிகிச்சையாளர் வேண்டும். அதே பெண் மூன்று வருஷமாகச் சமைக்காமல், குளிக்காமல் கிடந்தால், இது வழக்கமல்ல என்று சொல்லத் தெரிந்தவரும் அவரே.

துக்கச் சிகிச்சையில் உலகம் கவனித்த ஆய்வுகள் சில சிட்னியிலேயே நடந்தவை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரயன்ட் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில் 80 பேர் பங்கேற்றார்கள். அனைவருக்கும் குழுச் சிகிச்சை ஒன்றே. தனி அமர்வுகளில் மட்டும் வேறுபாடு: ஒரு சாராருக்கு ஆறுதல் பேச்சு, மறுசாரார் இறப்பு நேர்ந்த அந்த நேரத்தை, கண்ட காட்சியையும் கேட்ட ஓசையையும் விடாமல், திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னவர்களே கூடுதலாகத் தேறினார்கள். ஒப்பாரி வைத்த நம் கிழவிகளுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருந்திருக்காது. நோய்ப்படுக்கையில் என்ன கேட்டார், கடைசியில் யாரைப் பார்த்தார், எப்படிக் கண் மூடினார் என்று அவர்களும் நிகழ்ந்ததைத்தான் வரிசையாகச் சொல்லி அழுதார்கள், கூடவே ஒரு கூட்டம் கேட்டுக்கொண்டிருக்க.

கைபேசியில் இறுதிச்சடங்கு பார்த்தவரின் கதி இங்கே சிக்கலாகிறது. அவர் திரும்பிச் சொல்ல வேண்டிய காட்சியே ஒரு சிறு திரையில் உறைந்துபோன படம். அவரை மறுபடியும் ஒரு திரையின் முன் உட்காரவைத்து அந்த நேரத்தைச் சொல்லுங்கள் என்றால், சிலருக்கு அது கதவைத் திறக்கும், சிலருக்குப் புண்ணைக் கீறும். இப்படிப்பட்டவர்கள் முதல் இரண்டு மூன்று அமர்வுகளையாவது நேரில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அதற்கு ஆள் கிடைக்காவிட்டால், சடங்கு பார்த்த அறையையும் கருவியையும் விட்டு வேறிடத்திலிருந்து பேச ஏற்பாடு செய்யும்படி சிகிச்சையாளரைக் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

பொதுவாகத் திரைவழிச் சிகிச்சை பலன் தருமா என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. சுவீடனின் பெர் கார்ல்பிரிங்கும் உடனாய்வாளர்களும் 2018இல் இருபது ஆய்வுகளை, மொத்தம் 1,418 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு சிகிச்சையாளரின் வழிகாட்டலோடு இணையத்தில் தந்த அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சைக்கும் நேரில் தந்ததற்கும் பலனில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 2012 முதல் மக்வாரி பல்கலைக்கழகத்தில் இயங்கும் மைண்ட்ஸ்பாட் மருத்துவமனைக்கு நோயாளர் நடந்து வருவதே கிடையாது. எல்லாம் இணையமும் தொலைபேசியும்தான். வழிகாட்டும் ஆள் இருக்கிறார் என்பதே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. பாடத்தை மட்டும் கொடுத்துத் தனியே விட்டால் பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம்.

ஆனால் இந்த ஆய்வுகளின் நோயாளர் தம் துயரைச் சொல்லும் விதமும் நம்மவர் சொல்லும் விதமும் ஒன்றல்ல. யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் நீண்டகாலம் உளமருத்துவப் பேராசிரியராக இருந்தவரும், பின்னர் அடிலெய்டில் அகதிகளுக்குச் சிகிச்சை அளித்தவருமான தயா சோமசுந்தரம் இதை விரிவாக எழுதியிருக்கிறார். 1998இல் வந்த அவருடைய ‘ஸ்கார்டு மைண்ட்ஸ்’ இலங்கைப் போர் தமிழர் மனங்களில் விட்ட வடுவைப் பேசும் நூல். துயரம் உடம்பில் இறங்குவதும், ஒருவரைப் பிடித்த துன்பம் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பிடிப்பதும் அவர் திரும்பத் திரும்பக் காட்டுபவை. நெஞ்சு பாரமாக இருக்கிறது, தலை விறைக்கிறது, கைகால் உளைகிறது என்றுதான் நம் தாய்மார் சொல்வார்கள். திரையிலோ தோளுக்கு மேலே மட்டும் தெரியும். மடியில் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருக்கும் விரல்கள் சிகிச்சையாளருக்குத் தெரிவதில்லை. கருவியைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து, இடுப்பு வரை தெரிய உட்காருங்கள் என்று சொல்லும் சிகிச்சையாளர் விஷயம் தெரிந்தவர்.

போரிலிருந்து தப்பி வந்தவர்கள் பற்றிச் சிட்னியில் நடந்த ஆய்வு ஒன்று தமிழர்களைப் பற்றியது என்பது தமிழர்களுக்கே அதிகம் தெரியாது. டெரிக் சிலோவ், சாக்கரி ஸ்டீல் முதலானோர் 1990களில் 62 புகலிடக் கோரிக்கையாளர், 30 அகதிகள், 104 குடியேறியவர் என 196 தமிழர்களிடம் விசாரித்தார்கள். மனச்சோர்வுக்கும் அச்சத்துக்கும் ஊரில் பட்ட அடி மட்டும் காரணமாயிருக்கவில்லை. வந்த பிறகு விசாவுக்காகக் காத்திருப்பது, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், பிரிந்த குடும்பம், வேலையின்மை இவையும் நோயை வளர்த்தன. முப்பது ஆண்டு ஆகப்போகிறது. அந்த முடிவு பழசாகவில்லை. படகில் வந்து பத்தாண்டுக்கும் மேலாகத் தற்காலிக விசாவில் கிடந்த தமிழ் இளைஞர் ஒருவர் 2024இல் மெல்பர்னில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். குடிவரவுத் திணைக்களம் தர வேண்டிய விடையை எந்த உளவியலாளரும், திரையிலோ நேரிலோ, தர முடியாது. காத்திருக்கும் காலத்தில் ஆளை உயிரோடு வைத்திருக்க உதவலாம், அவ்வளவே. அதற்கான இலவச இடங்கள் உண்டு: நியூ சவுத் வேல்ஸில் 1988 முதல் இயங்கும் ஸ்டார்ட்ஸ், மெல்பர்னில் ஃபவுண்டேஷன் ஹவுஸ். சித்திரவதைக்கும் போருக்கும் தப்பி வந்தவர்களுக்கென்றே அமைந்தவை இவை.

இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் இன்னொரு வகை. 2017 பிப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டம் நிற்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் சகோதரர்களும் சிட்னியிலும் இருக்கிறார்கள். இறந்துவிட்டார் என்று சொல்ல உடல் இல்லை, அந்தியேட்டி செய்ய நாள் இல்லை. ஆறு மாதம், ஓராண்டு என்ற கணக்கெல்லாம் இவர்களிடம் அர்த்தமற்றுப் போகிறது. மறந்துவிடு, முன்னே போ என்று சொல்லும் சிகிச்சை இவர்களுக்குத் துரோகமாகவே படும். தெரியாமையோடேயே வாழப் பழக்குகிற, தேடுவதைக் குற்றமாக்காத ஒருவர் வேண்டும். திரை இங்கே இரண்டாம்பட்சம்.

இனிப் பணம். குடும்ப மருத்துவரிடம் மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதி வாங்கினால் ஆண்டுக்குப் பத்து அமர்வுகளுக்கு மெடிகேர் உதவும். 2006இல் தொடங்கிய இத்திட்டத்தில் கோவிட் காலத்தில் அமர்வுகள் இருபதாக உயர்ந்தன. 2023 தொடக்கத்தில் மீண்டும் பத்தாயின. மெல்பர்ன் பல்கலைக்கழகம் செய்த மதிப்பீடு, சிக்கலான தேவை உள்ளவர்களுக்காவது கூடுதல் அமர்வுகள் தொடர வேண்டும் என்றது, அரசு கேட்கவில்லை. ஒரு மணி நேர அமர்வுக்கு மெடிகேர் திருப்பித் தருவது 2024 நிலவரப்படி பொது உளவியலாளருக்கு ஏறத்தாழ 97 டாலர், மருத்துவ உளவியலாளருக்கு ஏறத்தாழ 142. உளவியலாளர் சங்கம் பரிந்துரைக்கும் கட்டணமோ 300 டாலரைத் தாண்டிவிட்டது. இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்கடனும் உள்ள குடும்பத்தில் இந்த இடைவெளி ஒரு வாரத்துச் சாமான் செலவு.

எனவே பலர் சென்னையையோ யாழ்ப்பாணத்தையோ நாடுகிறார்கள். கட்டணம் சில மடங்கு குறைவு, மொழி சொந்தம், நேரமும் தோதானது: சிட்னியில் குளிர்கால இரவு எட்டரை என்றால் அங்கே மாலை நான்கு. துயரம், மணமுறிவு, புது நாட்டுத் தனிமை போன்றவற்றுக்கு இது நல்ல துணையாகலாம். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இருந்தாலும் இரண்டைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சிகிச்சை தருபவரும் பெறுபவரும் ஆஸ்திரேலியாவுக்குள் இருந்தால்தான் மெடிகேர் உதவும். இரண்டாவது, உயிருக்கு ஆபத்தான இரவில் அடையாற்றில் இருக்கும் ஆலோசகரால் ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு ஆம்புலன்ஸ் அழைப்பது எளிதல்ல. முதல் நாளே உள்ளூர்த் தொடர்பு ஒருவரின் எண்ணைக் கேட்டு எழுதிவைக்காத வெளிநாட்டு ஆலோசகரை நம்ப வேண்டாம்.

சந்தா கட்டினால் ஆலோசகரைப் பிடித்துத் தரும் பன்னாட்டுச் செயலிகளிலும் எச்சரிக்கை வேண்டும். மிகப் பெரியதான பெட்டர்ஹெல்ப், பயனர்களின் அந்தரங்க விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகத் தந்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2023இல் பெட்டர்ஹெல்ப் 78 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை முடித்துக்கொண்டது. கோயில் வரிசைக்குப் பயந்து இணையத்துக்குப் போனவருக்கு இது வேறு விதமான அம்பலம். இந்த நாட்டில் ‘உளவியலாளர்’ என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, ‘கவுன்சலர்’ என்பதற்கு இல்லை. பின்னதை யாரும் போட்டுக்கொள்ளலாம். மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் ஆப்ரா அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் வீடு இடிக்கிறது. ஸ்ட்ராத்ஃபீல்டில் இரண்டு அறை அடுக்குமாடியில் தாத்தா பாட்டி, பெற்றோர், இரண்டு பிள்ளைகள். மாமியாரைப் பற்றிப் பேச வேண்டிய மருமகள் எங்கே போய்ப் பேசுவாள்? வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்கப்பட எதுவுமில்லை, காதுக்கருவி மாட்டிக்கொண்டால் நல்ல அறைதான். முதியவர்கள் நிலை இன்னும் மோசம். கணவனை இழந்து மகளிடம் வந்த தாய்க்குக் கணினியைத் திறந்து கொடுப்பது மகள்; பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பதும் மகள். அந்தத் தாய்க்குச் சொல்ல இருப்பதில் பாதி மகளைப் பற்றியது. நல்லெண்ணத்தில் செய்தாலும் இது சிகிச்சையைக் கெடுக்கிறது. இணைப்பை ஏற்படுத்திவிட்டு மகள் கடைக்குப் போய்விட வேண்டும்.

நம் அமைப்புகளிடம் ஒரு வேண்டுகோள். பழைய மாணவர் சங்கங்களும் கோயில்களும் ஆண்டுதோறும் இராவிருந்தும் இசை நிகழ்ச்சியும் நடத்தி ஊர்ப் பாடசாலைக்கு மண்டபம் கட்டுகின்றன. நல்ல காரியம். இங்கே உளவியலாளராகப் பதிவு பெறக் குறைந்தது ஆறு ஆண்டு படிக்க வேண்டும். தமிழ் பேசும் மாணவர் சிலருக்கு அந்தப் படிப்புக்கு ஓர் ஆண்டு நிகழ்ச்சி வருமானத்தை ஒதுக்குங்கள். அவர்கள் எந்த மாநிலத்தில் வேலை செய்தாலும் நமக்குப் பயன்படுவார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்த பின் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளில் ஒன்றை, கதவு சாத்திப் பேச இடமில்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் திறந்துவிட முடியுமா என்றும் பாருங்கள்.

இன்றிரவே பேச வேண்டிய நிலையில் இருப்பவர் எதற்கும் காத்திருக்க வேண்டாம். லைஃப்லைன் எண் 13 11 14, எந்நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலம் தடையானால் மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450க்கு அழைத்துத் ‘தமிழ்’ என்று சொல்லி, மொழிபெயர்ப்பாளரோடு லைஃப்லைனுக்கு இணைக்கச் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 000.